விளக்கு எரிகிறது, டிஸ்க் வரவில்லை

“டிஸ்க் செத்துவிட்டது” என்ற தீர்ப்பை நான் எளிதில் ஏற்பதில்லை. இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஒரு பக்கம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை மறுபக்கம் என்று இந்தக் கரை முழுவதிலுமிருந்து ஹார்டு டிஸ்க்கும் பென் டிரைவும் மெமரி கார்டும் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. கொண்டுவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “விளக்கு எரிகிறது, டிஸ்க் வரவில்லை.” அதற்கு முன்பே வீட்டுப் பையனோ வேறொரு கடைக்காரரோ அது செத்துவிட்டதாகச் சொல்லியிருப்பார். அப்படி வந்தவற்றில் பலவற்றுக்கு உயிர் இருந்தது. உண்மையிலேயே தரவு போய்விட்ட சிலவற்றை விசாரித்தால், டிஸ்க் பழுதான அன்று போகவில்லை. அதன்பிறகு கணினி கேட்ட ஒரு கேள்விக்கு யாரோ அவசரப்பட்டு ‘ஆம்’ என்று அழுத்திய நொடியில்தான் போயிருக்கிறது.

இதில் எனக்கு இவ்வளவு பதற்றம் வருவதற்குக் காரணம், அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பவை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். தங்கையின் நிக்காஹ்வுக்கு விடுப்புக் கிடைக்காத காக்கா (அண்ணன்), ஊருக்கு வந்த பிறகு டிஸ்க்கைச் செருகித்தான் அந்தக் கல்யாணத்தையே பார்க்கிறார். தங்கச்சிமடத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் படங்களை ஒரு பழைய பென் டிரைவில் வைத்திருக்கும் அம்மாக்கள் உண்டு. படகின் பதிவுத் தாள்கள், வங்கிக் கடன் காகிதங்கள், ஸ்டுடியோக்காரர் எப்போதோ எடுத்துக்கொடுத்த திருவிழாப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டாவது பிரதி அநேகமாக எங்குமே இருக்காது.

எனவே ஒரு டிஸ்க் வரவில்லை என்றால், அது எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வரை அதன்மேல் எதையும் எழுதவிடக் கூடாது. மின்சாரம் போகிறதா, பேச்சு, அதாவது தரவு, போகிறதா, கணினி அதை டிஸ்க் என்று ஒப்புக்கொள்கிறதா, உள்ளே இருக்கும் ஒழுங்கு அதற்குப் புரிகிறதா என்ற வரிசையில்தான் பார்க்க வேண்டும். கடைசிப் படியில் இருக்கும் மருந்தை முதல் படியில் கொடுப்பதால்தான் இவ்வளவு இழப்பும்.

எங்கள் பக்கத்தில் முதல் சந்தேகம் எப்போதும் உப்பின் மீதுதான். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை இந்தக் காற்றிலிருந்து காப்பாற்ற எத்தனை தலைமுறை ஊழியர்கள் வண்ணம் பூசிப் பூசிப் போராடினார்கள் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போவது நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களைக் கடல் எப்படி அரிக்கிறது என்று ஆராய மண்டபத்திலேயே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. ரயில் பாலத்தை அரிக்கும் காற்று, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத தங்கப் பூச்சை மட்டும் விட்டுவைக்குமா? யூஎஸ்பி முனையின் தொடுமுனைகளில் இருப்பது அவ்வளவு மெல்லிய பூச்சுதான். செருகிப் பிடுங்கி அது தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள நிக்கலும் செம்புக் கலவையும் வெளியே வரும். அங்கே உப்பு உட்காரும்.

உப்பு சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைகிறது. கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். அடுப்படி உப்புச் சாடி ஐப்பசி கார்த்திகையில் கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே கசிவு, கண்ணுக்குத் தெரியாத அளவில், கணினியின் போர்ட்டுக்குள்ளும் நடக்கிறது. அந்தப் போர்ட்டில் 5 வோல்ட் மின்சாரம் எப்போதும் நிற்கிறது. பல கணினிகளில் அணைத்த பிறகும் நிற்கிறது. உப்பு நீரும் மின்சாரமும் சேர்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமெடுக்கும். பையில் கிடந்த பென் டிரைவைவிட, மாதக்கணக்கில் கணினியிலேயே செருகிக் கிடந்த நீட்டிப்புக் கேபிளில்தான் நான் அதிகம் பச்சைக் களிம்பைப் பார்க்கிறேன்.

விளக்கு எரிந்தும் டிஸ்க் ஏன் வருவதில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பழைய வடிவ யூஎஸ்பி முனையைத் திருப்பிப் பாருங்கள். நான்கு தொடுமுனைகளில் ஓரத்து இரண்டும் நீளமானவை, அவை மின்சாரத்துக்கு. நடுவில் உள்ள இரண்டும் குட்டையானவை, அவை பேச்சுக்கு. மின்சாரம் முதலில் சேர வேண்டும், பேச்சு பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நடு முனைகளில் களிம்பு ஏறினாலோ, முனை முழுதாக உள்ளே போகாவிட்டாலோ மின்சாரம் மட்டும் போய்ச் சேரும். விளக்கு எரியும், டிஸ்க் சுழலும், கையில் வைத்தால் அதிர்வுகூடத் தெரியும். கணினி மட்டும் எதையும் காணாது. விளக்கு எரிவது டிஸ்க் நன்றாக இருப்பதற்கும் சாட்சியில்லை, கெட்டதற்கும் சாட்சியில்லை.

நீல நிற யூஎஸ்பி 3 முனையில் இவற்றோடு இன்னும் ஐந்து தொடுமுனைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் மட்டும் உப்பு ஏறினால் டிஸ்க் வரும், ஆனால் பழைய யூஎஸ்பி 2 வேகத்தில் ஊர்ந்து வரும். “முன்பெல்லாம் கல்யாண வீடியோ சீக்கிரம் ஏறும், இப்போது மணிக்கணக்கில் ஆகிறது” என்று யாராவது சொன்னால் டிஸ்க்கைப் பார்ப்பதற்கு முன் முனையைப் பார்ப்பேன்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் உதிரி விற்கும் கடைகளில் கிடைக்கும். கை கழுவும் சானிடைசரைத் தடவிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நீரும் கிளிசரினும் உண்டு, பசையாக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இருக்கிற தங்கத்தையும் கொண்டுபோய்விடும். கணினியை அணைத்து, மின்சாரக் கம்பியைப் பிடுங்கி, மடிக்கணினி என்றால் முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையை ஆல்கஹாலில் நனைத்து முனையையும் போர்ட்டையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருக வேண்டும். இவ்வளவு எளிய வேலையில் உயிர்பெற்ற டிஸ்க்குகளுக்காக நான் காசு வாங்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் செய்யத் தெரிந்துகொள்ளுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொடுக்கிறேன்.

அடுத்தது மின்சாரம். யூஎஸ்பி 2 போர்ட் விதிப்படி 500 மில்லி ஆம்பியர் தரும். யூஎஸ்பி 3 போர்ட் 900 தரும். தனி அடாப்டர் இல்லாத கையடக்க ஹார்டு டிஸ்க், சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான் அதிகம் கேட்கும். மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட், உள்ளே ஒரு மெல்லிய கம்பி வழியாக மதர்போர்டு என்ற முதன்மைப் பலகைக்குப் போகிறது. அந்தக் கம்பியிலும், நீளமான மலிவுக் கேபிளிலும், எட்டுப் பொருள் தொங்கும் ஹப்பிலும் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். டிஸ்க் சுழல முயன்று, முடியாமல் நின்று, மறுபடி முயலும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் டிஸ்க் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். கணினியின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில், குட்டையான கேபிளில் நேராகச் செருகிப் பாருங்கள். வேறொரு கணினியிலும் பாருங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் யாரும் கடைக்கு வர வேண்டியதில்லை.

கேபிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சார்ஜருடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், பேச்சுக்கான கம்பிகளே இருக்காது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கையடக்க டிஸ்க்கில் இருக்கும் அகலமான, நடுவில் பள்ளம் விழுந்த முனையின் கேபிள் சீக்கிரம் தளர்ந்துபோகும். மாற்றுக் கேபிள் எங்கள் ஊர்ப் பக்கம் உடனே கிடைக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த அகல முனையின் பெரிய பாதி, பழைய ஆண்ட்ராய்டு போன்களின் மைக்ரோ யூஎஸ்பி வடிவம்தான். படங்களைக் கணினிக்கு ஏற்றப் பயன்பட்ட பழைய போன் கேபிளை அந்தப் பாதியில் மட்டும் செருகினால், நிறைய டிஸ்க்குகள் மெதுவான வேகத்தில் வேலை செய்யும். டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

மேசைமேல் நிற்கும் பெரிய டிஸ்க்குகளின் கதை வேறு. அவற்றுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வரும். வீட்டில் ஒரே டப்பாவில் எல்லா அடாப்டரும் கிடக்க, மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் துளைக்குச் சரியாகப் பொருந்துகிறதே என்று மாட்டிவிடுகிறார்கள். ஒரு வாடை, அதோடு எல்லாம் அமைதி. அப்போதும் கைவிட வேண்டாம். பல டிஸ்க்குகளின் பலகையில், அளவுக்கு மீறிய வோல்டேஜ் வந்தால் தான் பலியாகி மற்றதைக் காக்கும் டயோடு ஒன்று இருக்கிறது. அது மட்டும் எரிந்திருந்தால், தெரிந்த தொழிலாளி அதை எடுத்துவிட்டுச் சரியான அடாப்டரில் டிஸ்க்கை ஓடவைத்து, தரவை நகல் எடுத்துவிடலாம். பலகையையே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். இன்றைய டிஸ்க்குகளில் அந்த ஒரு டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பலகையின் ஒரு சில்லில் பதிந்திருக்கும். அதே மாடல் பலகையை அப்படியே மாட்டினால் அநேகமாக ஓடாது.

மின்சாரமும் தொடுமுனையும் சரி, இன்னும் வரவில்லை என்றால்தான் கணினித் திரையைப் பார்க்க வேண்டும். புதிதாக ஊருக்குள் வருகிறவரை நிறுத்தி “யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பதுபோல, செருகிய ஒவ்வொன்றையும் கணினி முதலில் விசாரிக்கிறது: எந்த நிறுவனம், என்ன பொருள், எவ்வளவு மின்சாரம் வேண்டும். அந்தக் கேள்விக்கே சரியான பதில் வராவிட்டால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்று மஞ்சள் முக்கோணத்தோடு வரும்; அருகில் கோட் 43 என்றும் இருக்கலாம். இது பெரும்பாலும் கேபிள், போர்ட், களிம்பு, இல்லையென்றால் டிஸ்க்கின் யூஎஸ்பி பலகை. டிரைவர் மென்பொருளைத் தேடி இணையத்தில் அலைவதில் பயனில்லை. டிஸ்க்குக்கும் பென் டிரைவுக்கும் வேண்டிய டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஏதோ குழம்பியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரை வலது சொடுக்கி அன்இன்ஸ்டால் செய்து, பிடுங்கி மறுபடி செருகினால் தானே புதிதாக ஏற்றிக்கொள்ளும். இது டிஸ்க்கின் உள்ளடக்கத்தைத் தொடாது என்பதால் தைரியமாகச் செய்யலாம்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற திரையைத்தான் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் திரையின் கீழேயுள்ள தொடக்கப் பொத்தானை வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் அது இருக்கிறது. ‘மை கம்ப்யூட்டரில்’ (புதிய விண்டோஸில் ‘திஸ் பிசி’) வராத டிஸ்க் இங்கே வந்து நிற்கலாம். டிஸ்க் இருக்கிறது, பகுதி நன்றாக இருக்கிறது, ஆனால் D, E போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் மகிழ்ச்சியான செய்தி. வலது சொடுக்கி ஓர் எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. அலுவலகங்களில் நெட்வொர்க் டிரைவுக்கு அதே எழுத்தைக் கொடுத்திருப்பதால் பென் டிரைவ் ஒளிந்துகொள்வது உண்டு. டிஸ்க் இருக்கிறது, ஆனால் ‘ரா’ (RAW) என்று காட்டுகிறது, அல்லது ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று காட்டுகிறது என்றால் அங்கே கையை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் அந்தப் பெட்டியைக் காட்டும்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?

அந்தக் கேள்வியை நான் வெறுக்கிறேன். ‘எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது ‘அழிக்கட்டுமா’ என்று கேட்கிறது. கேட்கும் தொனியில் அழிவு இருப்பதே தெரிவதில்லை. ஏதோ பழுது நீக்கும் வழிபோல இருக்கிறது.

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அக்கா) வந்தார். துபாயிலிருக்கும் மகன் கொடுத்தனுப்பிய டிஸ்க். பேரப்பிள்ளைகள் பிறந்தது முதலான படங்கள் அதில் இருப்பதாக மகன் போனில் சொல்லியிருக்கிறார். வீட்டுக் கணினியில் செருகினால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி “செய்துவிடுங்கள் மாமி, சரியாகிவிடும்” என்றிருக்கிறான். மகனிடம் கேட்காமல் எதையும் அழுத்த மாட்டேன் என்று அந்த அம்மா உறுதியாக இருந்திருக்கிறார். அந்த உறுதிதான் படங்களைக் காப்பாற்றியது. டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை. மகன் வைத்திருப்பது ஆப்பிள் மடிக்கணினி. டிஸ்க்கை அதன் வழக்கப்படி அமைத்திருக்கிறார். விண்டோஸுக்கு அந்த அமைப்பைப் படிக்கத் தெரியாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் என் கடைக் கணினியில் செருகியதும் எல்லாம் திறந்தது. லாத்தா அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். “இவன் அப்படியே என் வாப்பா முகம், தம்பி” என்று ஒரு படத்தைக் காட்டினார். பிறகு எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் எக்ஸ்ஃபேட் முறையில் நகலெடுத்துக் கொடுத்தேன். இரண்டு வகைக் கணினியும் படிக்கக்கூடிய, 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவையும் தாங்கக்கூடிய முறை அது. பழைய ஃபேட்32 முறை ஒரு கோப்புக்கு 4 ஜிபிக்கு மேல் இடம் தராது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எங்கள் ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது. டிஸ்க் அனுப்புகிறவர்கள் எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்து அனுப்பினால் பாதித் தொல்லை தீரும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டுப் போட்ட டிஸ்க் என்றால் கடவுச்சொல்லையோ சாவி எண்ணையோ கூடவே சொல்லி அனுப்ப வேண்டும்; இரண்டும் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. மிகப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி இன்னும் சில கடைகளில் ஓடுகிறது. புதிய ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்க்கின் உள்ளே இருப்பதைச் சாதாரண 32 பிட் எக்ஸ்பியால் பார்க்க முடியாது. டிஸ்க் மேல் குற்றமில்லை.

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல கணினிகளில் விண்டோஸோடு இந்தியாவிலேயே உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். அந்தப் பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். இன்றைய லினக்ஸ் ஒன்றை அதில் ஏற்றி வைத்தால், வராத டிஸ்க்கைச் சோதிக்க அதைவிட நல்ல கருவி வேண்டாம். டிஸ்க்கைச் செருகிவிட்டு கட்டளைகளைத் தட்டச்சும் முனையத் திரையில் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) பதிவைப் பார்த்தால், மின்சாரம் போதவில்லையா, பேச்சு அறுகிறதா, டிஸ்க்கின் உள்ளேயே படிக்க முடியாத இடம் இருக்கிறதா என்று வரிவரியாகச் சொல்லும். விண்டோஸ் ஒரு மஞ்சள் முக்கோணத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் லினக்ஸ் காரணத்தையும் சொல்கிறது. எழுதாமல் படிக்க மட்டும் திறக்கவும் அதில் முடியும்.

இனி உண்மையிலேயே சாகிற டிஸ்க். டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், நல்ல மின்சாரத்திலும் அது நிற்காவிட்டால், உள்ளே படிக்கும் தலை தடுமாறுகிறது என்று பொருள். உடனே பிடுங்கிவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது காயத்தைக் கிளறுவதுதான். மூடியைத் திறக்கக் கூடாது. தலை தட்டுக்கு மேலே நானோமீட்டர் கணக்கிலான இடைவெளியில் மிதக்கிறது. இராமேசுவரம் தீவில் தென்கடல் பக்கமிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் அறைக்குள் பறக்கும் மணல் துகளுக்கு முன்னால் அது என்ன இடைவெளி! அப்படிப்பட்ட டிஸ்க்கை நான் தொடுவதில்லை. தூசியற்ற அறை வைத்திருக்கும் பெருநகர மீட்பு நிலையங்களுக்குத்தான் அனுப்பச் சொல்கிறேன். செலவு அதிகம், உறுதியும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்தமில்லாமல் சாகும் டிஸ்க்குகளும் உண்டு. வரும், ஆனால் திறக்க நிமிடக்கணக்கில் ஆகும். பாதியில் கணினி உறைந்து நிற்கும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும். மாற்றி ஒதுக்கிய இடங்கள், படிக்கக் காத்திருக்கும் இடங்கள் என்ற எண்கள் கூடிக்கொண்டே போனால் நேரம் குறைவு. அப்போது விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் கருவியை ஓட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைக் கேட்காதீர்கள். செக்டிஸ்க் கோப்பு ஒழுங்கைச் சரிசெய்வதாகச் சொல்லி டிஸ்க்கின் மேலேயே எழுதும்; சாகிற டிஸ்க்கில் அது மிச்சத்தையும் கலைத்துவிடும். முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யு என்ற லினக்ஸ் கருவி அதற்கென்றே எழுதப்பட்டது. எளிதாக வரும் இடங்களை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போய்விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். புயல் எச்சரிக்கைக் கொடி ஏறிய நாட்களில் இந்த ஒரு குணத்துக்காகவே அதை எழுதியவர்களுக்கு மனதார நன்றி சொல்லியிருக்கிறேன். நகல் கைக்கு வந்த பிறகு, அந்த நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டித் தொலைந்த பகுதியைத் தேடலாம். போட்டோரெக்கை ஓட்டிப் படங்களைப் பொறுக்கலாம். இரண்டும் இலவசம்.

சில கையடக்க டிஸ்க்குகளின் பெட்டிக்குள், கணினிக்குள்ளே மாட்டும் சாதாரண சாட்டா வகை டிஸ்க்கும் ஒரு சிறு இணைப்புப் பலகையும் தனித்தனியாக இருக்கும். உப்பு தின்றது அந்தப் பலகையை மட்டும் என்றால், டிஸ்க்கை வெளியே எடுத்து நேராக மதர்போர்டில் மாட்டினால் வந்துவிடும். ஆனால் சில மாடல்களில் அந்தப் பலகையே தரவைப் பூட்டி எழுதுகிறது. வேறு சிலவற்றில் அது டிஸ்க்கின் பிரிவு அளவை மாற்றிச் சொல்கிறது. அவற்றை நேராக மாட்டினால் ஒன்றுமே இல்லாத டிஸ்க்போலத் தெரியும். அதைப் பார்த்து எல்லாம் போய்விட்டது என்று ஃபார்மட் செய்துவிடக் கூடாது.

மெமரி கார்டு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கவாட்டிலுள்ள சின்னப் பூட்டுத் தட்டு கீழே இறங்கியிருந்தால் கார்டு வரும், எழுத விடாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் பழைய கார்டு ரீடர்கள் பலவற்றுக்குப் படிக்கத் தெரியாது. புது ரீடர் வாங்கினால் போதும். தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காமல் கொண்டுவாருங்கள். வேகமான ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கிறது, படங்கள் கிடக்கும். விஸ்டா முதலான விண்டோஸ் பதிப்புகளில் முழு ஃபார்மட் செய்தால் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதிவிடும், பிறகு மீட்க எதுவும் இல்லை. சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் பெரிய பென் டிரைவ்களில் போலிகள் உண்டு. வெளியே பெரிய அளவு காட்டும், உள்ளே சில ஜிபிதான் இருக்கும். நிரம்பிய பிறகு வருகிற கோப்புகள் பெயரளவில் மட்டும் தெரியும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுவதையும் எழுதிப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

வைக்கும் இடம் இங்கே பெரிய விஷயம். கடலைப் பார்த்த சன்னலோர மேசை டிஸ்க்குக்கு ஆகாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசி போடாதீர்கள், மாவுத் தூள்தான் போர்ட்டுக்குள் போகும். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் ஈரம் குடித்ததை அதுவே காட்டும், சூடாக்கினால் மறுபடி பயன்படும். ஏசி அறையிலிருந்து எடுத்த குளிர்ந்த டிஸ்க்கை வெளிக்காற்றில் உடனே செருகாதீர்கள். இந்த ஈரக்காற்று அதன்மேல் வேர்த்து நிற்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் செருகுங்கள். பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியவற்றை எஸ்எஸ்டியிலோ பென் டிரைவிலோ மட்டும் போட்டு மறந்துவிடாதீர்கள். மின்சாரம் காணாமல் நெடுங்காலம் கிடந்தால் அவற்றிலுள்ள மின்னூட்டம் கசியும். ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை செருகித் திறந்து பாருங்கள்.

முக்கியமானவற்றுக்கு இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று இங்கே இருக்கட்டும். இன்னொன்றைப் பரமக்குடியிலோ மதுரையிலோ இருக்கும் உறவினர் வீட்டில், உப்புக்காற்று எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். திருவிழாவுக்குப் போகும்போது எடுத்து, புதியவற்றைச் சேர்த்து, மறுபடி கொடுத்துவிட்டு வரலாம். இரண்டின் மேலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, எந்த வகைக் கணினியில் அமைத்தது, பூட்டு இருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாகத் திறந்து பார்த்த மாதம் எது என்று எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், இந்த ஈரத்தில் மை பரவிவிடும்.